எல்எஸ்யூ பேஸ்பால்: புதிதாகப் பார்க்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எல்எஸ்யூ என்பது எது? அங்கே பேஸ்பாலுக்கு இத்தனை மவுசு ஏன்?

லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டியின் சுருக்கம்தான் எல்எஸ்யூ. அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள பேட்டன் ரூஜ் நகரில் இருக்கிறது. அணியின் பெயர் டைகர்ஸ். நிறம் ஊதாவும் பொன்மஞ்சளும். 2025 வரை 8 முறை தேசியப் பட்டம் வென்றிருக்கிறது: 1991, 1993, 1996, 1997, 2000, 2009, 2023, 2025. இதைவிட அதிகம் வென்றது தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் மட்டும்தான், 12. ஆனால் அவர்களுடைய கடைசிப் பட்டம் 1998-ல் வந்தது.

லூசியானாவில் மேஜர் லீக் அணி, அதாவது அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் உச்ச லீகில் ஆடும் அணி, கிடையாது. கிட்டத்தில் இருப்பது ஹூஸ்டன், காரில் போனால் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மவுசுக்கு அது ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்றால், மேஜர் லீக் அணி இல்லாத எல்லா மாநிலத்திலும் ஆயிரக்கணக்கானோர் செவ்வாய்க்கிழமை ராத்திரி கல்லூரிப் பையன்கள் ஆடுவதைப் பார்க்க வர வேண்டும். வருவதில்லை. பேட்டன் ரூஜில் அந்தக் கூட்டத்தை ஒருவர் முனைந்து சேர்த்தார்.

அவர் யார்?

ஸ்கிப் பெர்ட்மன். மயாமி பல்கலைக்கழகத்தில் துணைப் பயிற்சியாளராக இருந்து 1982-ல் பட்டம் வென்ற கையோடு, 1984 சீசனுக்கு எல்எஸ்யூவின் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். இந்தப் பல்கலைக்கழகம் 1893-லேயே டுலேன் பல்கலைக்கழகத்தோடு பேஸ்பால் ஆடியிருக்கிறது. ஆனால் 90 வருஷம் கழித்து பெர்ட்மன் வந்தபோதும் ஆட்டம் பார்க்க வந்தவர்கள் சில நூறு பேர்தான். இது அமெரிக்கக் கால்பந்தை உயிராக நினைக்கும் ஊர். வசந்த காலத்தில் பேஸ்பால் நடப்பதே பலருக்குத் தெரியாது.

பெர்ட்மன் ஊர் ஊராகப் போய் மன்றங்களிலும் பள்ளிகளிலும் பேசினார், டிக்கெட் வாங்கச் சொன்னார், வந்தவர்கள் திரும்பவும் வர என்ன செய்யலாம் என்று யோசித்தார். ஜெயித்தால் கூட்டம் தானாக வரும் என்று காத்திருக்கவில்லை. கூட்டம் வந்தால் நல்ல பையன்கள் சேர வருவார்கள், அவர்கள் வந்தால் ஜெயிக்கலாம் என்று கணக்கைத் தலைகீழாகப் போட்டார். 1986-ல் அணி முதன்முறையாக, தேசியப் பட்டத்துக்கான கடைசிச் சுற்று நடக்கும் ஒமாஹாவுக்குப் போனது. 1991-ல் விச்சிட்டா ஸ்டேட்டை 6-3 என்று வென்று முதல் பட்டம். 2001-ல் ஓய்வு பெறும்போது 18 சீசனில் 870 வெற்றி, 5 பட்டம். பிறகு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநராகவும் இருந்தார். இன்று மைதானத்துக்கே அவர் பெயர்தான்: அலெக்ஸ் பாக்ஸ் ஸ்டேடியத்தில் உள்ள ஸ்கிப் பெர்ட்மன் ஃபீல்ட். வெளியே சிலை இருக்கிறது, பக்கத்துச் சாலைக்கும் அவர் பெயர்.

அப்படியானால் அலெக்ஸ் பாக்ஸ் யார்? பணம் கொடுத்தவரா?

இல்லை. சிமியன் அலெக்ஸ் பாக்ஸ் இந்த அணியின் பழைய ஆட்டக்காரர். 1942-ல் ரைட் ஃபீல்டில் ஆடியவர். இரண்டாம் உலகப் போருக்குப் போய் 1943-ல் வட ஆப்பிரிக்காவில் உயிரிழந்தார். அந்த வருஷமே மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். ரசிகர்கள் சுருக்கமாக "தி பாக்ஸ்" என்பார்கள். வாரிக்கொடுத்த பணக்காரர்களின் பெயர் நிறைந்த கல்லூரி விளையாட்டு உலகில், ஒரு மாணவப் படைவீரனின் பெயரைப் புதிய கட்டடத்துக்கும் எடுத்துப் போனது இந்த ஊர் செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று.

புதிய கட்டடம் என்றது ஏனென்றால், பாக்ஸ் இரண்டு. பழையது 1938-ல் கட்டியது. 2008 வரை அங்கே ஆடினார்கள். அந்தக் கடைசி வருஷம் அணி தொடர்ந்து 23 ஆட்டம் வென்றது. 2009 பிப்ரவரியில் சற்றுத் தெற்கே புதிய ஸ்டேடியம் திறந்தது. திறந்த அதே வருஷம் பால் மைனியெரியின் பயிற்சியில் டெக்சஸை வென்று ஆறாவது பட்டம்.

புதிய ஸ்டேடியத்தில் எத்தனை பேர் உட்காரலாம்? அளவு என்ன?

10,326 பேர். ஹோம் பிளேட்டிலிருந்து, அதாவது பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து, இடது, வலது மூலைகளுக்கு 330 அடி, நட்டநடுவே 405 அடி, இடைப்பட்ட இரண்டு பக்கமும் 365 அடி. இரு புறமும் ஒரே அளவு. பழைய நகரத்து மைதானங்கள் மாதிரி கோணல்மாணல் இல்லை. வலது வேலிக்குப் பின்னால் புலிமுகத்தோடு பட்டம் வென்ற வருஷங்களைத் தாங்கிய பிரம்மாண்டமான பலகை நிற்கிறது. அதற்கு "இன்டிமிடேட்டர்" என்று பெயர். எதிரணி பேட்டர் தலை நிமிர்ந்தால் கண்ணில் படுவது அதுதான்.

கூட்ட எண்ணிக்கையைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் அறிவிக்கும் எண் பெரும்பாலும் விற்ற டிக்கெட்டின் எண், வாசலில் நுழைந்த தலைகளின் எண் இல்லை. பிப்ரவரிக் குளிரில் "10,000 பேர்" என்று பலகை காட்டும்போது பாதி இருக்கை காலியாக இருந்தால் குழம்ப வேண்டாம். மே மாத வெள்ளிக்கிழமையில் அந்த எண்ணும் கண்ணும் ஒத்துப்போகும்.

கிரிக்கெட் மட்டுமே பார்த்துப் பழகியவர் எதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்?

9 இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் இரு அணிக்கும் 3 அவுட். பேட்டர் ஹோம் பிளேட்டிலிருந்து ஓடி மூன்று பேஸ்களையும் சுற்றி மறுபடி அங்கே வந்தால் ஒரு ரன். பந்தை வேலிக்கு மேல் அடித்தால் அது ஹோம் ரன், அவரோடு பேஸில் நிற்பவர்களும் ரன் எடுப்பார்கள். ஓவர் கணக்கு இல்லை, நேரக் கணக்கும் இல்லை. 27-வது அவுட் விழும்வரை எவ்வளவு பின்தங்கினாலும் ஆட்டம் உயிரோடு இருக்கிறது. எல்எஸ்யூவின் வரலாற்றைப் புரட்டினால் பாதிக் கதை கடைசி இன்னிங்ஸில்தான் நடக்கிறது. ஏழாவது இன்னிங்ஸில் போக்குவரத்து நெரிசலுக்குப் பயந்து எழுந்து போவது இந்த ஊரில் செய்யக்கூடாத காரியம்.

ஒரே விதிவிலக்கு: இந்த அணி ஆடும் சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் என்ற பல்கலைக்கழக லீகில் 7 இன்னிங்ஸுக்குப் பிறகு 10 ரன் வித்தியாசம் இருந்தால் ஆட்டத்தை முடித்துவிடுவார்கள்.

அடுத்தது பிட்சர், பந்து போடுபவர். கிரிக்கெட்டில் ஐந்தாறு பேர் மாறி மாறிப் போடுவார்கள். இங்கே ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் 90 முதல் 110 பந்துவரை தொடர்ந்து போடுவார். வெளியே போனால் அந்த ஆட்டத்தில் திரும்பவும் பந்துபோட வர முடியாது. அடுத்து ஒரு வாரம் ஓய்வு. ஆகவே வார இறுதித் தொடரில் வெள்ளிக்கிழமை அணியின் முதல்தரப் பிட்சர், சனிக்கிழமை இரண்டாமவர், ஞாயிறு மூன்றாமவர் என்பது வழக்கம். "ஃப்ரைடே நைட் ஸ்டார்ட்டர்" என்பது கல்லூரி பேஸ்பாலில் ஒரு பட்டம் மாதிரி. செவ்வாய், புதன் ஆட்டங்களில் முதலாண்டுப் பையன்களும் மீண்டுவரும் பிட்சர்களும் இரண்டிரண்டு இன்னிங்ஸ் போடுவார்கள்.

பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் அடிக்கடி மணிக்கட்டைப் பார்ப்பார். அங்கே பயிற்சியாளர் அனுப்பும் குறியீடு வரும்: என்ன பந்து, எந்தப் பக்கம். பெர்ட்மன் காலத்தில் அதையெல்லாம் டக்அவுட்டிலிருந்து கை ஜாடையாலேயே சொன்னார்.

பட்டம் வெல்ல எத்தனை ஆட்டம்? ஒமாஹா, ஒமாஹா என்கிறார்களே?

பிப்ரவரி நடுவில் தொடங்கும் ரெகுலர் சீசனில் 56 ஆட்டம் வரை. அதில் 30 கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள், 10 வார இறுதி, வாரத்துக்கு 3. மே முடிவில் நாடு முழுக்க 64 அணிகளைத் தேர்ந்தெடுத்து 16 ஊர்களில் நாலு நாலாகப் பிரிப்பார்கள். அதுதான் ரீஜனல். இரண்டு தோல்வி கண்டால் வெளியே. வென்ற 16 அணியும் ஜோடியாக மோதுவது சூப்பர் ரீஜனல், மூன்றில் இரண்டு. மிஞ்சும் 8 அணி நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகருக்குப் போகும். 1950 முதல் காலேஜ் வேர்ல்டு சீரிஸ் அங்கேதான். 2010 வரை ரோசன்பிளாட் ஸ்டேடியம், அதன்பின் நகர மையத்தில் புதியது. அங்கே 8 அணி இரண்டு பிரிவாக மறுபடி இரண்டு தோல்வி முறையில் ஆடி, பிரிவு வென்ற இருவரும் இறுதித் தொடரில் மூன்றில் இரண்டு ஆடுவார்கள்.

ஒரு தோல்விகூட இல்லாமல் போனால் 3 + 2 + 3 + 2, பத்து வெற்றி. எங்கே தவறுகிறது என்றால் ரீஜனலின் முதல் ஆட்டத்தில். அதில் தோற்றவர் அடுத்த மூன்று நாளில் தொடர்ந்து 4 ஆட்டம் வெல்ல வேண்டும், மொத்தம் 5 ஆட்டம். ஞாயிறு மாலைக்குள் பிட்சர்களின் கை சக்கையாகிவிடும், திங்கட்கிழமை யாரிடம் பந்தைக் கொடுப்பது என்று பயிற்சியாளர் தேட வேண்டிவரும். பலமான அணிகள் பல இப்படித்தான் சொந்த மைதானத்திலேயே கவிழ்ந்தன. 2025-ல்கூட எல்எஸ்யூ தன் ரீஜனலில் லிட்டில் ராக் என்ற சின்ன அணியிடம் ஞாயிறு தோற்று, திங்கட்கிழமைதான் மீண்டது.

முதல் 16 தரவரிசைக்குள் வந்தால் ரீஜனலும், முதல் 8-க்குள் வந்தால் சூப்பர் ரீஜனலும் சொந்த ஊரில் ஆடலாம். ஏப்ரல் மாதச் சாதாரண ஆட்டத்துக்கும் இங்குள்ளவர்கள் தொண்டை கிழியக் கத்துவது இதற்காகத்தான். ஜூனில் பாக்ஸில் ஆடுவதா, வேறு ஊர் வெயிலில் ஆடுவதா என்பது அப்போதே முடிவாகிறது.

வாரன் மாரிஸ் அடித்த அந்த ஹோம் ரன் பற்றிச் சொல்லுங்கள்.

1996 ஜூன் 8, ரோசன்பிளாட், இறுதி ஆட்டம். அப்போது இறுதி ஒரே ஆட்டம்தான். எதிரில் மயாமி. ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி, மயாமி 8, எல்எஸ்யூ 7. இரண்டு அவுட் விழுந்தாயிற்று, மூன்றாவது பேஸில் ஒருவர் நிற்கிறார். மட்டையோடு வருபவர் வாரன் மாரிஸ். சீசனின் பெரும்பகுதியை அவர் வெளியே உட்கார்ந்து கழித்தவர். வலது கையின் ஹாமேட் எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆகியிருந்தது.

ஹாமேட் என்பது உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து அடியில், கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் குட்டி எலும்பு. மட்டையின் கைப்பிடி முனையில் உள்ள உருண்டை, ஒவ்வொரு வீச்சிலும் அதன்மேல்தான் முட்டும். இடது கை பேட்டருக்கு வலது கைதான் கீழே இருக்கும், மாரிஸ் இடது கை பேட்டர். எலும்புத் துண்டை எடுத்துவிட்டால் ஆடலாம். ஆனால் பிடியின் பலம் திரும்ப மாதங்கள் பிடிக்கும், அதுவரை பந்து தூரம் போகாது. மாரிஸ் அந்த வருஷம் ஒரு ஹோம் ரன்கூட அடித்திருக்கவில்லை.

மயாமியின் கடைசி நேரப் பிட்சர் ராபி மாரிசன் முதல் பந்தாக ஒரு வளைபந்து போட்டார். மாரிஸ் தாழ வந்ததை அள்ளி அடித்தார். உயரமான அடி இல்லை, கயிறு இழுத்த மாதிரி போய் ரைட் ஃபீல்ட் வேலியை அரும்பாடு பட்டுத் தாண்டியது. 9-8. மயாமி ஆட்டக்காரர்கள் நின்ற இடத்திலேயே முகங்குப்புற விழுந்தார்கள். அந்த சீசனில் அவர் அடித்த ஒரே ஹோம் ரன் அதுதான். இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்தில், பின்தங்கிய நிலையில், இரண்டு அவுட்டுக்குப் பிறகு பட்டத்தை முடித்துவைத்த ஹோம் ரன். பாக்ஸில் பல வருஷம் சீட்டு வைத்திருக்கும் ஒருவர் பக்கத்தில் உட்கார நேர்ந்தால், அன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மூன்று இன்னிங்ஸுக்குப் பேச்சு ஓடும்.

"கொரில்லா பால்" என்றால் என்ன? இப்போது ஏன் அப்படி அடிப்பதில்லை?

1997-ல் எல்எஸ்யூ ஒரே சீசனில் 188 ஹோம் ரன் அடித்தது. பிராண்டன் லார்சன் தனியாக 40. அந்தப் பாணிக்குத்தான் கொரில்லா பால் என்று பெயர்: பேஸைத் திருடுவது (பிட்சர் பந்து போடும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது), பந்தை மெல்லத் தட்டி ஓடுவது எதுவும் வேண்டாம், உடம்பைத் தேற்று, வேலிக்கு மேலே அடி. 1998 இறுதியில் வேறு இரு அணிகள் 21-14 என்று முடித்தபோது, இது பேஸ்பாலா என்று கேள்வி வந்தது. குற்றவாளி மட்டை.

கல்லூரியில் மர மட்டை இல்லை, உலோகமோ கலப்புப் பொருளோதான். உள்ளே குழல், வெளியே மெல்லிய சுவர். பந்து பட்டதும் சுவர் உள்வாங்கி, கட்டில் கயிறு மாதிரி எகிறி, பந்தைத் தள்ளும். மர மட்டையில் பந்துதான் நசுங்கும், அதில் சக்தி வீணாகும். போதாக்குறைக்கு உலோக மட்டை லேசானது, வேகமாகச் சுழற்றலாம்.

அதனால் கடிவாளம் போட்டார்கள். 1999 முதல் மட்டையின் நீளத்தை அங்குலத்திலும் எடையை அவுன்ஸிலும் எடுத்துக் கழித்தால் 3-க்கு மேல் வரக்கூடாது. 33 அங்குல மட்டை 30 அவுன்ஸாவது இருக்க வேண்டும். தடிமன் 2 5/8 அங்குலத்துக்குள். 2011 முதல் பிபிகார் என்ற சோதனை: மட்டையும் பந்தும் மோதித் திரும்பும் விகிதம் 0.50-ஐத் தாண்டக்கூடாது. அது கிட்டத்தட்ட மரத்தின் அளவு. ஹோம் ரன்கள் சடாரென்று குறைந்தன. 2014 ஒமாஹாத் தொடர் முழுவதிலும் 3 ஹோம் ரன்தான். கை மிஞ்சிப் போய்விட்டது என்று 2015-ல் பந்தின் தையலைத் தட்டையாக்கினார்கள். தையல் உயரம் 0.048 அங்குலத்திலிருந்து 0.031 ஆனது. காற்றில் இழுவை குறைந்து பந்து கொஞ்சம் தூரம் போகத் தொடங்கியது. இன்றைய சமநிலை அங்கிருந்து வந்தது.

கலப்புப் பொருள் மட்டையில் இன்னொரு சிக்கல். அடிக்க அடிக்க உள்ளடுக்குகள் தளர்ந்து, புதிதாக இருந்ததைவிடத் துள்ளல் கூடும். சிலர் வேண்டுமென்றே உருளைக்கு நடுவே அழுத்தித் தளர்த்துவதும், உட்சுவரைச் சுரண்டுவதும் உண்டு. ஆகவே மட்டைகளை அமுக்கிப் பார்க்கும் கருவியில் சோதித்துத் தேறியதற்கு அடையாளம் போட்ட பிறகே ஆட விடுகிறார்கள்.

2023 அணியை எல்லாரும் இப்படிப் புகழ்வது ஏன்?

பால் ஸ்கீன்ஸ், டிலன் க்ரூஸ். ஸ்கீன்ஸ் விமானப்படை அகாடமியில் இரண்டு வருஷம் கேட்சராகவும் பிட்சராகவும் ஆடிவிட்டு, டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக 2023-க்கு வந்தார். போர்ட்டல் என்பது கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் பட்டியல். பேட்டன் ரூஜில் ஸ்கீன்ஸ் பிட்சிங் மட்டும் பார்த்துக்கொண்டார். ஒரே சீசனில் 209 ஸ்ட்ரைக்அவுட், அதாவது பேட்டரை அடிக்க விடாமலே அவுட்டாக்கியது. 1989-ல் இதே எல்எஸ்யூவின் பென் மெக்டனால்ட் வைத்திருந்த 202 என்ற கான்ஃபரன்ஸ் சாதனை உடைந்தது. அந்த ஜூலையில் மேஜர் லீக் டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஸ்கீன்ஸ் முதலாவது, க்ரூஸ் இரண்டாவது. ஒரே கல்லூரி அணியிலிருந்து முதல் இரண்டு இடம் அதற்கு முன் யாருக்கும் அமைந்ததில்லை.

அந்த அணியின் ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரம் உண்டென்றால், 2023 ஜூன் 22, வேக் ஃபாரஸ்டோடு ஆடியதைப் பாருங்கள். ஸ்கீன்ஸ் எதிரே ரெட் லௌடர், இருவருமே முதல் சுற்று டிராஃப்ட் பிட்சர்கள். 10 இன்னிங்ஸ் முடிந்தும் 0-0. எட்டாவது இன்னிங்ஸில் வேக் ஃபாரஸ்ட் மூன்றாவது பேஸில் ஆளை வைத்துப் பந்தை மெல்லத் தட்டிவிட்டது. ரன் நிச்சயம் என்று எல்லாரும் நினைத்த இடத்தில் முதல் பேஸ் காவலர் ட்ரே மார்கன் பாய்ந்து வந்து எடுத்து, நிமிராமலே கேட்சர் அலெக்ஸ் மிலாசோவுக்குச் சுண்டினார். மிலாசோ தொட்டார், அவுட். 11-வதில் க்ரூஸ் பேஸில் நிற்க, டாமி ஒயிட் முதல் பந்தையே இடது வேலிக்கு மேல் அனுப்பினார். 2-0. பேட்டிங்குக்குப் பேர்போன அணி ஒமாஹாவில் பிட்சிங்காலும் ஃபீல்டிங்காலும் பிழைத்த ராத்திரி அது. ஹோம் ரன்னைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு மார்கனைப் பற்றியும் பேச வேண்டும்.

இறுதித் தொடரில் ஃப்ளோரிடாவை 4-3 என்று வென்று, மறுநாள் 24-4 என்று தோற்று, அதற்கடுத்த நாள் 18-4 என்று வென்றார்கள்.

2025?

பயிற்சியாளர், 2023-ல் இருந்த அதே ஜே ஜான்சன். அரையிறுதியில் அர்கன்சாவிடம் ஒன்பதாவது இன்னிங்ஸில் 3-5 என்று பின்தங்கி 6-5 என்று வென்றது அந்த அணி. இறுதியில் எதிரே தொடர்ந்து 26 ஆட்டம் வென்று வந்த கோஸ்டல் கரோலைனா. முதல் ஆட்டத்தில் கேட் ஆண்டர்சன் 9 இன்னிங்ஸும் தனியாளாகப் போட்டு 1-0. மறுநாள் 5-3, முடிந்தது. 2016-ல் அரிசோனா அணியோடு வந்த ஜான்சன் இறுதியில் தோற்றது இதே கோஸ்டல் கரோலைனாவிடம்தான்.

ஆட்டக்காரர்களுக்கு எல்லாம் முழு உதவித்தொகையா?

2025 வரை இல்லை. ஓர் அணிக்கு 11.7 உதவித்தொகைதான் அனுமதி. அதைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். தொலைக்காட்சியில் பார்க்கும் நட்சத்திரமே பாதிக் கட்டணத்தைக் கையிலிருந்து கட்டியிருக்கலாம். லூசியானா மாணவர்களுக்கு மாநில அரசின் டாப்ஸ் திட்டம் கல்விக் கட்டணத்தைக் கொடுப்பதால், உள்ளூர்ப் பையன்களை எடுப்பது அணிக்குச் சிக்கனமாக இருந்தது. நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு 2025-26 முதல் விதி மாறியது: அதை ஏற்ற அணிகளில் ஆட்டக்காரர்கள் 34 பேர்தான், அந்த 34 பேருக்கும் முழுத்தொகை கொடுக்கலாம்.

நல்ல பையன்கள் பாதியிலேயே போவது ஏன் என்றும் கேட்பார்கள். நாலாண்டுக் கல்லூரியில் சேர்ந்தவர் மூன்றாம் ஆண்டு முடித்தால் அல்லது 21 வயதானால் டிராஃப்டுக்குத் தகுதி. பின்னாளில் மேஜர் லீக் நட்சத்திரங்களான அலெக்ஸ் பிரெக்மன், ஏரன் நோலா எல்லாம் அப்படித்தான் மூன்று வருஷத்தில் போனார்கள். ஒருவரை ரசிக்க நமக்கு மூன்று வசந்தம்தான் கிடைக்கும்.

முதல் முறை பாக்ஸுக்குப் போகிறேன். எப்படித் திட்டமிடுவது?

முதல் ஆட்டத்துக்குச் செவ்வாய் அல்லது புதன் எடுங்கள். டிக்கெட் எளிதாகக் கிடைக்கும், எதிரணி பெரும்பாலும் பக்கத்து ஊர்க் கல்லூரி, நல்ல இடம் பார்த்து உட்கார்ந்து ஆட்டத்தைப் படிக்கலாம். கான்ஃபரன்ஸ் வார இறுதிக்கு ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலுள்ள இருக்கைகள் சீசன் டிக்கெட்காரர்கள் கையில் இருக்கும். மறுவிற்பனையில்தான் தேட வேண்டும்.

டிக்கெட் கைபேசியில் வரும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே அதை ஃபோன் வாலட்டில் சேமித்துவிடுங்கள். வாசலில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் திறக்கும்போது சிக்னல் சுற்றிக்கொண்டே நிற்கும், பின்னால் வரிசை முணுமுணுக்கும்.

பை ஒளிபுகும் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், 12 x 6 x 12 அங்குலத்துக்குள். சின்னக் கைப்பை என்றால் ஏறக்குறைய உள்ளங்கை அளவு, 4.5 x 6.5 அங்குலம். தோள்பையோடு வந்து காருக்குத் திரும்ப நடப்பவர்களை ஒவ்வொரு ஆட்டத்திலும் பார்க்கலாம்.

வலைக்கு அப்பால் பக்கவாட்டில் உட்கார்ந்தால் பந்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். உலோக மட்டையில் பட்டு வரும் ஃபவுல் பந்து ஒரு நொடியில் வந்து சேரும். குழந்தைகளோடு போனால் வலைக்குப் பின்னால்தான் இடம் எடுக்க வேண்டும்.

பிப்ரவரி இரவுக்குக் கனமான மேல்சட்டை, மே பகலுக்குத் தொப்பியும் தண்ணீரும். மின்னல் அருகில் அடித்தால் ஆட்டம் நிற்கும். கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் கழித்தே தொடரும், நடுவில் இன்னொன்று அடித்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. லூசியானா மழையில் இப்படி இரண்டு மணி நேரம் போவது சகஜம்.

வெளியே சமைக்கிறார்களே, அது எல்லாருக்கும் உண்டா?

அது டெயில்கேட், கார் நிறுத்துமிடத்துச் சமையல். ஜம்பலாயா என்ற காரச் சோறு, பருவத்தில் நன்னீர் இறால் போன்ற க்ராஃபிஷை மசாலாத் தண்ணீரில் உருளைக்கிழங்கு, சோளத்தோடு வேகவைத்து மேசையில் கொட்டுவது, இவைதான் நடப்பு. ஒவ்வொரு கூடாரமும் ஒரு குடும்பம் அல்லது நண்பர் குழு. கேட்காமல் தட்டெடுக்கக் கூடாது. ஆனால் நின்று, இது என்ன என்று விசாரித்தால் போதும், தட்டு உங்கள் கைக்கு வந்துவிடும். அந்த விருந்தோம்பல் எதிரணி ரசிகருக்கும் உண்டு. ஸ்டேடியத்துக்குள் போன பிறகுதான் பகை.

"ஜியாக்ஸ்" என்று எழுதியிருக்கிறதே?

அதை "கோ" என்றுதான் படிக்க வேண்டும். லூசியானாவின் பிரெஞ்சுப் பூர்வீகத்தைக் காட்டும் எழுத்துக்கூட்டல் (Geaux). "கோ டைகர்ஸ்".

ஸ்கோர் எழுதக் கற்றுக்கொள்ளலாமா? எப்படித் தொடங்குவது?

கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள், ஆட்டம் இரட்டிப்பாகப் புரியும். பென்சில்தான் வேண்டும், பேனா வேண்டாம். இடத்துக்கு ஓர் எண்: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) 6, லெஃப்ட் ஃபீல்ட் 7, சென்டர் 8, ரைட் 9. ஷார்ட்ஸ்டாப் 5 இல்லை, 6. புதியவர்கள் எல்லாரும் முதலில் தவறுவது இதில்தான்.

ஓர் இன்னிங்ஸ் எழுதிப் பார்ப்போம். முதல் பேட்டர் ஸ்ட்ரைக்அவுட்: கட்டத்தில் "கே" (K) எழுத்து. மட்டையை வீசாமல் நின்று அவுட்டானால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். மைதானத்தில் ரசிகர்கள் வேலியோரம் மாட்டும் அட்டைகளும் இதே எழுத்துதான், அவற்றை எண்ணினால் பிட்சரின் கணக்கு கிடைக்கும். இரண்டாமவர் இடப்பக்கம் அடித்து முதல் பேஸ் சேர்ந்தார்: கட்டத்தின் நடுவிலுள்ள சாய்சதுரத்தின் கீழ்வலதுக் கோட்டைத் தடிப்பாக்குங்கள். மூன்றாமவர் தரையோடு அடித்தார், ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாம் பேஸ் காவலருக்கு எறிய, அவர் முதல் பேஸுக்கு எறிய, இரண்டு பேரும் அவுட்: 6-4-3. பந்து போன வழி அப்படியே எண்ணாக நிற்கிறது. இன்னிங்ஸ் முடிந்தது, அடியில் ஒரு கோடு.

ஒமாஹாவுக்கே போக வேண்டும். ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமா?

ஜூன் நடுவில் தொடங்கி ஏறக்குறைய 10 நாள் நடக்கும். எல்எஸ்யூ தகுதி பெற்ற பிறகு அறை தேடினால் நகரத்துக்குள் கிடைக்காது. பழைய ரசிகர்கள் ஜனவரியிலேயே ரத்து செய்யக்கூடிய முன்பதிவு போட்டு வைப்பார்கள். எத்தனை நாள் தங்க நேரும் என்பது ஆட்டத்தின் கையில், அதனால் திரும்பும் பயணத்தைக் கடைசிவரை முடிவு செய்யாதீர்கள்.

மைதானம் பெரியது, நடுவில் 408 அடி, மூலைகளில் 335. தென்காற்று அடிக்கும் நாளில் காற்று வெளியிலிருந்து ஹோம் பிளேட் நோக்கி வரும், பாக்ஸில் வேலி தாண்டும் அடி இங்கே கைக்குள் விழும். கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று முதலில் பாருங்கள். அன்று பிட்சரின் நாளா, பேட்டரின் நாளா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

ஸ்டேடியத்துக்கு எதிரே ராக்கோஸ் என்ற உணவகம் உண்டு. எந்த அணியின் ரசிகர்கள் அதிக ஜெல்லி மதுக்குவளை வாங்குகிறார்கள் என்று அங்கே பலகையில் கணக்கு ஓடும், வருமானத்தில் ஒரு பங்கு உணவு வங்கிகளுக்குப் போகும். 2023-ல் எல்எஸ்யூ ரசிகர்கள் கணக்கு 68,888. அதற்கு முந்தைய வருஷத்துச் சாதனை 18,777. குடிக்காதவர்களும் போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வரலாம். ஊதாச் சட்டைகள் தெருவை அடைத்து நிற்கும் அந்த மாலை நேரத்தில், ஆட்டம் தொடங்க ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே வாசலுக்கு நடக்கத் தொடங்கிவிடுங்கள்.